உதவி: தன்னார்வலர் ஆப்புக்கு எந்த ஷிஃப்ட் மென்பொருளைப் பின்பற்றுவது? திரையில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது, ஆள் வரவில்லை

அரைநிலா:
அவசரம். தன்னார்வலர்களை ஒருங்கிணைக்க ஓர் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிப்பானேன் என்று, ஊழியர்களுக்கு ஷிஃப்ட் போடும் மென்பொருள்கள் ஐந்தை எடுத்து ஒப்பிட்டேன்: டெப்யூட்டி, வென் ஐ வொர்க், கனெக்டீம், ஹோம்பேஸ், யூகேஜி. 31 வரிசை அட்டவணை. ஷிஃப்ட் போடுவது, மாற்றிக்கொள்வது, வருகைப் பதிவு, நினைவூட்டல் என்று எல்லாவற்றுக்கும் எல்லாவற்றிலும் டிக். எதைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியவில்லை.

இதற்குள் அவற்றின் பாணியில் ஒரு முதல் பதிப்பு செய்து போன வாரம் ஓட்டினோம். 40 இடம். முந்தைய நாள் இரவு திரையில் 40ம் பச்சை. மறுநாள் 11 பேர் வரவில்லை. அடுத்தது 12 நாளில். எந்த மென்பொருளின் முறையைப் பின்பற்றினால் இது சரியாகும்?

நிழற்குடை:
என்ன வேலைக்கான தன்னார்வலர்கள்? மொத்தம் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ள முடியுமா, முடியாதா? டேட்டாபேஸ் எது? இவை இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது சகோ.

வட்டப்பாதை:
நேர மண்டலம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்துவிட்டு, நினைவூட்டல் அனுப்பும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்ற மறந்திருப்பீர்கள். காலை 10 மணிக்கு வர வேண்டியவருக்கு வேறு ஏதோ மணி காட்டியிருக்கும். வராத 11 பேருக்கும் போன செய்தியைத் திறந்து பாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
வருடத்துக்கு நான்கு முறை இதே கேள்வி வருகிறது. கேட்கும் முன் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். நீங்கள் செய்வதற்குப் பெயர் ரோஸ்டரிங், யாருக்கு எப்போது எந்த வேலை என்று பிரிப்பது. செவிலியர் ரோஸ்டரிங் என்பி-ஹார்ட் (அளவு கூடினால் விரைவாகத் தீர்க்கும் பொது வழி தெரியாத) வகைப் பிரச்சினை என்பது அடிப்படைப் பாடம். அதை அட்டவணையில் டிக் போட்டுத் தீர்க்க முடியாது. கூகுளின் ஓஆர்-டூல்ஸில் சிபி-சாட் என்ற சால்வர் (விதிகளைக் கொடுத்தால் பொருந்தும் விடையைத் தேடித் தரும் நிரல்) இருக்கிறது, ஊழியர் ஷிஃப்டுக்கான மாதிரி நிரலும் அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. ஜாவா பழக்கம் என்றால் டைம்ஃபோல்ட், 2023ல் ஆப்டாபிளானரிலிருந்து பிரிந்து வந்தது. இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொண்டு பிறகு வாருங்கள்.

அரைநிலா:
டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். பதிந்தவர்கள் 52. செய்திகளைப் பார்த்தேன், நேரம் சரியாகத்தான் போயிருக்கிறது. வேலை, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் ஸ்க்ரைப், அவர்கள் சொல்லச் சொல்ல விடையை எழுதிக்கொடுப்பவர். அதற்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லவில்லை.

நிழற்குடை:
அதற்குத்தான் சம்பந்தமே! கூட்டம் ஒழுங்குபடுத்தும் வேலையில் 40க்கு 29 பேர் வந்தால் சமாளித்துவிடலாம். ஸ்க்ரைப் வரவில்லை என்றால் ஒரு மாணவர் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

இன்னும் இரண்டு கேள்வி. யார் யாருக்கு எழுதலாம் என்பதில் விதி இருக்கிறதா? கூடுதல் நேரம் உண்டா?

அரைநிலா:
இருக்கிறது. அதே பாடத்தைப் படித்தவர் எழுதக் கூடாது. மாணவர் எழுதும் மொழி தெரிந்திருக்க வேண்டும். 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல்.

வட்டப்பாதை:
அந்தக் கூடுதல் மணி ஷிஃப்ட் நேரத்தில் சேர்ந்திருக்கிறதா? 10 முதல் 1 வரை என்று போட்டுவிட்டு, அதே ஆளை 1.30க்கு வேறு மையத்தில் போட்டிருந்தால்? நான் சொன்ன மாதிரி நேரத்தில்தான் கோளாறு. மண்டலம் இல்லாவிட்டால் முடிவு நேரம்.

அரைநிலா:
ஐயோ, சேர்க்கவில்லை. பார்த்தேன். 11ல் 3 பேர் அப்படித்தான், காலைத் தேர்வு முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டவர்கள். மீதி 8?

தேன்மொழி:
நான் நிரல் எழுதுபவள் இல்லை. ஒன்பது வருடமாக வாசிப்பாளர்களையும் ஸ்க்ரைப்களையும் ஒருங்கிணைக்கிறேன். மீதி 8 எங்கே போனார்கள் என்று நான் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடது பக்கம் மாணவர் பெயர், வலது பக்கம் ஸ்க்ரைப். ஒருவரை மனதில் வைத்தால் பென்சிலில் எழுதுவேன். போன் செய்து, அவர் தன் வாயால் “வருகிறேன் அக்கா” என்று சொன்ன பிறகுதான் அதன்மேல் பேனா. தேர்வுக்கு முந்தைய நாள் மாலை மறுபடி கூப்பிட்டுப் பேசினால் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. புள்ளி இல்லாத பெயரை நான் நம்ப மாட்டேன், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவர்மேல் குறை இல்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காது. சொல்லச் சங்கடப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள்.

உங்கள் பச்சை எதைக் காட்டுகிறது, பென்சிலையா, பேனாவையா, புள்ளியையா?

அரைநிலா:
பென்சில். நாங்கள் பெயரைப் போட்டாலே பச்சை.

நிழற்குடை:
அக்கா சொன்னதுதான் விடை. உங்கள் 31 வரிசை ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அந்த ஐந்தும் சம்பளம் வாங்குபவருக்காகப் பிறந்தவை. சம்பள இடத்தில் ஷிஃப்ட் போட்டால் அது உத்தரவு, வராவிட்டால் கூலி போகும். அதனால் ‘போட்டாயிற்று’ என்பதையே ‘நிரம்பியது’ என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைத்துப்போகும். தன்னார்வலருக்கு அது வேண்டுகோள். அவர் ஒப்புக்கொள்ளும்வரை அந்த இடம் காலி.

யூகேஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் குரோனோஸும் அல்டிமேட் சாஃப்ட்வேரும் சேர்ந்து உருவானது. குரோனோஸ் வருகை நேரப் பதிவில் வளர்ந்தது, அல்டிமேட் சம்பளத்திலும் மனிதவளத்திலும். 2021 டிசம்பரில் குரோனோஸ் கிளவுடை ரேன்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) தாக்கியபோது பல நிறுவனங்கள் சம்பளம் போட முடியாமல் வாரக்கணக்கில் திணறின. ஷிஃப்டும் சம்பளமும் அந்த அளவுக்குப் பின்னிக் கிடக்கின்றன. உங்களுக்கு ஓவர்டைம் கணக்கு, இடைவேளைக் கழிவு, கூலிச் செலவு முன்கணிப்பு எதுவும் வேண்டாம். அந்த வரிசைகளை அடித்துவிடுங்கள், பாதி அட்டவணை காணாமல் போகும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. கனெக்டீமில் ஷிஃப்ட் போட்டால் ஊழியர் ஏற்கவோ மறுக்கவோ முடியும். வென் ஐ வொர்க்கில் ஆள் குறிக்காமல் ஷிஃப்டைத் திறந்து வைத்து, விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்ள விடலாம். இந்த இரண்டையும் அப்படியே கொண்டுவாருங்கள். பிறகு தன்னார்வலருக்கென்றே செய்யப்பட்டவை உங்கள் அட்டவணையில் ஒன்றுகூட இல்லை. பெட்டர் இம்பாக்ட், வாலன்டியர்ஹப், ரோஸ்டர்ஃபை பாருங்கள். திறந்த மூலம் வேண்டுமென்றால் சஹானா. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் எழுதத் தொடங்கியது, தன்னார்வலர் பகுதி அதில் தனியாக இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
உணர்ச்சிகரமான நோட்டுக் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 52 பேரை விதிகளுக்கு உட்பட்டு 40 மாணவருக்குப் பொருத்துவதை நோட்டு செய்யாது. சால்வர் இல்லாமல் முடியாது.

இரவல்விளக்கு:
மன்னிக்கவும் ஐயா, இங்கே சிபி-சாட் தேவையில்லை. என்பி-ஹார்ட் ஆவது பல நாள் தொடர்ச்சி, ஓய்வு விதி, இரவுப்பணி எல்லாம் சேரும்போது. இது ஒரு வேளைக்கு ஒரு மாணவர், ஒரு ஸ்க்ரைப். ஒரு பக்கம் மாணவர், மறுபக்கம் ஸ்க்ரைப், விதிக்குப் பொருந்தும் ஜோடிகளுக்கு மட்டும் கோடு போடுங்கள். இருபகுதிப் பொருத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு அருகில் உள்ள மையத்துக்கு முன்னுரிமை என்று எடை சேர்த்தாலும், 1955ல் ஹரால்ட் கூன் எழுதிய ஹங்கேரியன் முறை போதும். இந்த அளவுக்கு அது கண்ணிமைக்கும் நேரம். ஒருவருக்கு மொத்தம் 3 தேர்வுக்கு மேல் வேண்டாம் என்றால்கூட நெட்வொர்க் ஃப்ளோ என்ற கணக்கு முறையில் அடங்கிவிடும். ஒரே மாணவருக்குக் கடைசிவரை ஒரே ஸ்க்ரைப் வேண்டும் என்று கேட்கும்போதுதான் சிக்கலாகும், அப்போது சிபி-சாட் எடுக்கலாம்.

ஏட்டுச்சுவடி:
ஒரு வேளைக்கு என்றால் சரி. கேள்வியில் அது சொல்லப்படவில்லை.

பனைமரம்:
எல்லோரும் ‘தன்னார்வலர்’ என்றே எழுதுகிறீர்கள். ‘தொண்டர்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது எதற்கு இந்த நீளம்? போன் திரையில் பொத்தானுக்குள் அடங்காது.

வட்டப்பாதை:
தொண்டர் என்றால் இன்றைக்குக் கட்சிக்காரர் என்றுதான் படும். வேண்டாம்.

பனைமரம்:
ஒரு சொல்லை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பதற்காக நாம் விட்டுவிடுவதா? திருத்தொண்டர் என்று எத்தனை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம்.

தேன்மொழி:
என் ஆட்களைக் கேட்டால் இரண்டு சொல்லும் வேண்டாம் என்பார்கள். “நான் எழுதிக்கொடுக்கப் போகிறேன்” என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார்கள். பொத்தானில் ‘ஷிஃப்டை உறுதிசெய்’ என்று போடாதீர்கள். ‘வருகிறேன்’, ‘வர முடியாது’ என்று இரண்டு போதும். இரண்டாவது பொத்தானும் முதலாவது அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். முடியாது என்று சொல்வதை எளிதாக்கினால்தான் முந்தைய இரவே தெரியும், மாற்று ஆள் தேட நேரம் கிடைக்கும்.

பனைமரம்:
‘வருகிறேன்’ நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஆப்பின் பெயரிலாவது தொண்டு என்ற சொல் வரலாம்.

இரவல்விளக்கு:
அரைநிலா, அந்த 3 பேர் விஷயத்துக்குத் தனி மருந்து. ஒரே ஆள் இரண்டு இடத்தில் விழுவதை நிரலில் சோதித்தால் போதாது, இரண்டு ஒருங்கிணைப்பாளர் ஒரே நொடியில் சேமித்தால் நழுவிவிடும். போஸ்ட்கிரெஸிலேயே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள். ஆள் எண்ணும் நேர ரேஞ்சும் (தொடக்கம் முதல் முடிவு வரை) சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் வரிசையை ஏற்கவே ஏற்காது. ரேஞ்ச் வகை 9.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆள் எண்ணையும் சேர்க்க பிடிரீ-ஜிஸ்ட் நீட்சி வேண்டும். ரேஞ்சின் முடிவில் கூடுதல் ஒரு மணியையும், அடுத்த மையத்துக்குப் போகும் நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். ‘வர முடியாது’ என்றவரின் வரிசையை மட்டும் நிபந்தனை வைத்து விலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் போட முடியாது.

நிழற்குடை:
காத்திருப்போர் பட்டியலும் வையுங்கள். 52ல் 40 போக 12 பேராவது கையில் இருந்தார்கள். ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை, ஏனென்றால் திரை பச்சை.

இரவல்விளக்கு:
என்ன ஆயிற்று? தேர்வு முடிந்திருக்குமே.

அரைநிலா:
முடிந்தது. பென்சில் சாம்பல் நிறம், பேனா மஞ்சள், புள்ளி வைத்தால்தான் பச்சை. முந்தைய நாள் மாலை 5 பேர் ‘வர முடியாது’ அழுத்தினார்கள், 5 பேருக்கும் மாற்று கிடைத்தது. காலையில் ஒரே ஒருவர் வரவில்லை, தேன்மொழி அக்காவே போய் எழுதினார். கன்ஸ்ட்ரெயின்ட் இந்த வாரம் போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

இரவல்விளக்கு:
அருமை. அந்த ஒருவர் மஞ்சளில் இருந்தாரா, பச்சையிலா?