வழுக்கையாற்றில் மழை நேரத்துத் தண்ணீர்: ஒரு உதவி

வணக்கம். மாரி மழையோடு யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றுத் தண்ணீர் எப்படி மாறுகிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

போன மழையில் மதகடியில் குடையோடு நின்று அரை மணிக்கொரு சோடாப் போத்தல் நிரப்பினேன். முதல் போத்தல் தேத்தண்ணி நிறம், அடியில் விரல் தடிப்புக்கு மண்டி. மின்கடத்துதிறன் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) பாதிக்கும் கீழே விழுந்தது. மழைநீர் கலந்து ஐதாகிறது, அது சரி. ஆனால் நைத்திரேற்று (நைதரசன் சேர்ந்த உப்பு) விழவில்லை, கொஞ்சம் ஏறியது. வெங்காயத் தோட்டத்து யூரியாதான் என்பது என் ஊகம்.

குழப்பம் இதுதான்: தண்ணீர் ஏறும்போதும் வடியும்போதும் மட்டம் ஒன்றாக இருந்த இரண்டு போத்தல்களில், ஏறும்போது எடுத்ததுதான் நன்றாகக் கலங்கல். கரைமண் முதல் வெள்ளத்திலேயே கழுவுண்டு போய்விட்டதா? நைத்திரேற்று மாத்திரம் பிந்தி உச்சத்துக்கு வருவது, சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய தண்ணீர் மெதுவாகக் கசிந்து வருவதாலா? அப்படியென்றால் பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நீரோட்டத்தை ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டுத்தான் கணக்கிட்டேன் (சிரிக்காதீர்கள், மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் ஓரளவு சரிவரும்). நீர்மட்டப் பதிகருவி ஆரிடமாவது இருந்தால் மாரி முடியும்வரை இரவல் தருவீர்களா? கந்தரோடைப் பக்கமோ அராலிப் பக்கமோ இருப்பவர்கள், இரவு மழையில் இரண்டு போத்தல் பிடித்து, நேரத்தை எழுதி, பிரிட்ஜில் வைத்தால் போதும். விடிய நானே வந்து எடுப்பேன். வெற்றுப் போத்தலும் என் செலவு.