நியூட்ரோஃபில் வீசும் டிஎன்ஏ வலை: 'உமிழ்வலை' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வெளியே வீசும் டிஎன்ஏ வலைக்கு (ஆங்கிலத்தில் neutrophil extracellular trap, சுருக்கமாக NET) தமிழில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: 'புறக்கலப் பொறி', 'கொல்வலை', 'மரபிழைவலை'. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நான் முன்வைப்பது 'உமிழ்வலை'. அழற்சி நோய்களைப் பற்றித் தமிழில் எழுதும் எவருக்கும் இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதை 2004இல் விவரித்தவர்கள் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தின் ஃபோல்கர் பிரிங்க்மன், ஆர்ட்டுரோ சைக்லின்ஸ்கி குழுவினர். தூண்டப்பட்ட நியூட்ரோஃபில், உட்கருவில் சுருட்டி வைத்திருக்கும் டிஎன்ஏவை அவிழ்த்து வெளியே தள்ளுகிறது. இழைகளின் தடிமன் 15 முதல் 17 நானோமீட்டர். அவற்றின் மேல் டிஎன்ஏவைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்களும், எலாஸ்டேஸ், மையலோபெராக்சிடேஸ் போன்ற நொதிகளும் ஒட்டியிருக்கும். பாக்டீரியா அதில் சிக்குகிறது. அவிழ்வதற்கு உதவும் நொதிகளில் ஒன்று பிஏடி4. அது ஹிஸ்டோனில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றுகிறது. நேர்மின்னூட்டம் குறைகிறது, டிஎன்ஏ மீதான ஹிஸ்டோனின் பிடி தளர்கிறது.

சரி, 'பொறி' ஏன் வேண்டாம்? பொறி என்றால் எதிரிக்காகத் திட்டமிட்டு வைத்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்த வலை அப்படி ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. இரத்தக்குழாய்க்குள் விரிந்தால் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் அதில் ஒட்டி, உறைகட்டி வளர இடம் கிடைக்கிறது. லூபஸ் (உடலின் நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் நோய்) உள்ள சிலருடைய இரத்தத்தில் வலையை வெட்டி அகற்றும் டிஎன்ஏஸ் நொதி சரியாக வேலை செய்வதில்லை. அகற்றப்படாத டிஎன்ஏவுக்கும் அதனோடு ஒட்டிய புரதங்களுக்கும் எதிராகவே எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. முடக்குவாதத்தில் சிட்ருலின் ஏறிய புரதங்கள் எதிர்ப்பொருள்களுக்கு இலக்காகின்றன. அந்தப் புரதங்கள் கிடைக்கும் இடங்களில் இந்த வலையும் ஒன்று. தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டும் செப்சிஸில் உறுப்புகள் பழுதாவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

'கொல்வலை' இன்னும் சிக்கலானது. வலை பாக்டீரியாவைக் கொல்கிறதா, பிடித்து மட்டும் வைக்கிறதா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. தொண்டை அழற்சி உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ் தானே ஒரு டிஎன்ஏஸைச் சுரந்து வலையை அறுத்துத் தப்புகிறது.

இதையெல்லாம் பார்த்து 'நோய்வலை' என்று யாரும் சொல்லிவிடவும் கூடாது. கவுட் என்ற மூட்டு நோயில் யூரிக் அமிலப் படிகங்களைச் சுற்றி இந்த வலைகள் அடர்ந்து திரளும்போது, அவற்றில் உள்ள புரதச் சிதைப்பு நொதிகள் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களையே உடைக்கின்றன. தாங்க முடியாத வலி தானாகத் தணிவதற்கு இது ஒரு காரணம் என்று 2014இல் காட்டப்பட்டது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். ஒரே வலை ஓரிடத்தில் அழற்சியை மூட்டுகிறது, வேறோரிடத்தில் அணைக்கிறது. ஆகவே பெயர் நோக்கத்தைச் சொல்ல வேண்டாம். நடப்பதை மட்டும் சொன்னால் போதும்.

'மரபிழைவலை' அமைப்பை ஒழுங்காகச் சொல்கிறது. ஆனால் வேகமாக வாசிப்பவர் கண்ணுக்கு 'மரபுப் பிழை' தெரியும். மருத்துவக் கட்டுரையில் அந்தக் குழப்பத்தை அனுமதிக்க முடியாது.

'உமிழ்வலை' உமிழ்நீரைப் போல ஒரு வினைத்தொகை. வெளியே தள்ளப்பட்டது என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'புறக்கல' என்ற முன்னொட்டு வேண்டியதில்லை. இயோசினோஃபில், மாஸ்ட் செல் ஆகிய வேறு நோயெதிர்ப்பு செல்களும் இப்படி வலை வீசுகின்றன. 'இயோசினோஃபில் உமிழ்வலை' என்று அப்படியே நீட்டிக்கொள்ளலாம். இப்படி வலை வீசும் நெட்டோசிஸ் என்ற நிகழ்வுக்கு 'வலையுமிழ்வு'.

————

மறுமொழி:

அம்மா, 'உமிழ்வலை' எனக்குச் சம்மதம். 'வலையுமிழ்வு' பற்றித்தான் கேள்வி. நெட்டோசிஸ் என்ற சொல் பிறந்ததே அதை ஒரு செல் இறப்பு வகையாகப் பிரித்துக் காட்டத்தான். செல் தானே திட்டமிட்டு இறக்கும் அப்போப்டோசிஸைத் 'தன்மடிவு' என்கிறோம். இங்கே 'மடிவு' வராவிட்டால், செல் வலையை வீசிவிட்டு நலமாக நகர்ந்துபோவது போல மாணவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்களா? 'வலைமடிவு' என்றால் என்ன? அப்புறம், டிஎன்ஏ என்ற செய்தியே பெயரில் காணாமல் போகிறதே.

————

மறுமொழி:

தம்பி, நகர்ந்துபோவதும் உண்டு, அதனால்தான் 'மடிவு' என்பதைப் பொதுப்பெயரில் சேர்க்கவில்லை. ஆய்வகத்தில் பிஎம்ஏ என்ற வேதிப்பொருளால் தூண்டும்போது சவ்வு கிழிந்து வலை வெளிவர 2 முதல் 4 மணி நேரம் ஆகிறது, செல் இறக்கிறது. ஆனால் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை எதிர்கொள்ளும்போது சவ்வு கிழியாமலே, ஒரு மணி நேரத்துக்குள், நுண்பைகள் வழியாக டிஎன்ஏ வெளியேறுகிறது. உட்கரு இழந்த அந்த நியூட்ரோஃபில் தொடர்ந்து ஊர்ந்து பாக்டீரியாவை விழுங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். அதை 'மடிவு' என்று எப்படி அழைப்பது? 'வலையுமிழ்வு' பொதுப்பெயராக இருக்கட்டும். இறப்பில் முடிவதை 'வலையுமிழ் மடிவு' என்று தனியாகக் குறிப்போம். உங்கள் 'வலைமடிவு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் வலை மடங்குவதாகப் பொருள்பட்டுவிடும்.

டிஎன்ஏ பற்றி நீங்கள் சொல்வது நியாயம். முதல் முறை வரும் இடத்தில் 'டிஎன்ஏ உமிழ்வலை' என்று எழுதிவிட்டு, பிறகு 'உமிழ்வலை' என்று சுருக்கிக்கொள்ளலாம். ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளி கெட்டியாவதற்கு உமிழ்வலைகளின் டிஎன்ஏவும் ஒரு காரணம், டோர்னேஸ் ஆல்ஃபா என்ற மருந்து அதை வெட்டிச் சளியை இளக்குகிறது." எங்கும் இடறவில்லை என்றே நினைக்கிறேன். மற்றவர்களும் தங்கள் கட்டுரைகளில் ஒரு பத்தியில் இட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.