ஊராட்சி ஆபீஸ் வரை கேபிள் வந்துவிட்டது, 4 கி.மீ. தள்ளியிருக்கும் குக்கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

கண்மாய்க்கரை:

திருவாடானைப் பக்கம் ஒரு குக்கிராமம், மொத்தம் 60 வீடு. ஊராட்சி ஆபீஸ் 4 கி.மீ. தள்ளி, அங்கே கண்ணாடி இழை கேபிள் வந்து நெட் நன்றாகவே ஓடுகிறது. எங்களுக்கு செல்போன் சிக்னல்தான் கதி. அதுவும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் ஒழுங்காகக் கிடைக்கும். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்பார், பின்னாலேயே பாதி ஊர் நடக்கும். என் தங்கைக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தும் நெட்டுக்காகத் தொண்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள், சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. இரண்டு தனியார் கம்பெனிகளிடம் கேட்டாயிற்று, 'ஏரியா ஃபீசிபிள் இல்லை' என்று ஒரே பதில். மாதம் 400 ரூபாய் வரை கொடுக்க 35 வீட்டுக்காரர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கேபிள், ஒயர்லெஸ், சாட்டிலைட், எது நடக்கும்? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒயர்மேன்:

தம்பி, நான் ஃபைபர் ஸ்பிளைசிங், அதாவது அறுந்த கண்ணாடி இழையை ஒட்டும் வேலையில் இருப்பவன். முதலில் ஒன்று, 4 கி.மீ. ஒரு தூரமே இல்லை. ஜிபான் என்கிற, ஒரே இழையைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில்தான் இழுப்பார்கள், அது 20 கி.மீ. வரை போகும். ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை டெசிபலில் அளப்பார்கள், கி.மீ.க்கு 0.35 டெசிபல் இழப்பு என்று வைத்தாலும் உங்கள் தூரத்துக்கு ஒன்றரை டெசிபல்கூட வராது. ஒளியை உண்மையில் தின்பது அதைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்தான். ஒன்றை எட்டாகப் பிரித்து, அந்த எட்டையும் மறுபடி எட்டெட்டாகப் பிரித்தால் 64 வீடு, உங்கள் ஊர் மொத்தமும் ஒரே இழையில் அடங்கிவிடும். இரண்டு ஸ்பிளிட்டரும் சேர்ந்து 21 டெசிபல் போல எடுத்துக்கொள்ளும், அப்படியும் வீட்டுப் பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு மைனஸ் 20ஐ ஒட்டி நிற்கும், மைனஸ் 27 வரை பெட்டி தாங்கும். அந்த ஓர் இழையில் நொடிக்கு இரண்டரை ஜிகாபிட் இறங்குகிறது. 64 வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் இறக்கினால்கூட ஆளுக்கு 38 எம்.பி.பி.எஸ். வரும்.

அப்புறம் ஏன் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்? அறுந்தால் யார் வந்து ஒட்டுவது, அதுதான் விஷயம். வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போகும், ஜேசிபி தோண்டும், அணில் கடிக்கும், கருவேலத்துக்குத் தீ வைத்தால் மேலே போகும் கேபிளும் சேர்ந்து உருகும். இதில் செம்பு இருக்கிறது என்று நினைத்து வெட்டுகிறவர்கள் வேறு. கலெக்டர் ஆபீஸ் செய்திக்குறிப்பிலேயே கேபிளில் உலோகம் கிடையாது, விற்கவும் முடியாது என்று போட வேண்டிய நிலை. இப்போது உங்கள் 35 வீட்டுக் கணக்கைப் பாருங்கள், மாதம் 14,000. இதற்காக ஒரு பெரிய கம்பெனி ராமநாதபுரத்திலிருந்து ஸ்பிளைசிங் மெஷினோடு ஆள் அனுப்புமா? கட்டாது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே 200 இணைப்பு வைத்துக்கொண்டு பைக்கில் சுற்றும் கேபிள்காரருக்குக் கட்டும். அவரைப் பிடியுங்கள். உரிமம் உள்ள ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு அவர் ஃபிரான்சைஸாக இருப்பார். நீங்களே ஒரு லைன் வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் காசு வாங்கக் கூடாது, அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

தொட்டிமேல்_ஏறியவன்:

கேபிள் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம், அதே ஆபரேட்டரிடம் 5 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் லிங்க் கேட்டுப் பாருங்கள். அந்த அலைவரிசையை 2018இலேயே உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டுவிட்டார்கள். ஊராட்சி ஆபீஸ் பக்கம் ஒரு டிஷ், உங்கள் தொட்டி மேல் ஒரு டிஷ், 4 கி.மீ.க்கு 100 எம்.பி.பி.எஸ். தாராளமாக வரும். தொட்டியில் டிஷ் மாட்ட ஊராட்சியில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். அந்தத் தூரத்துக்கு நடுப்பகுதியில், இரண்டு டிஷ்ஷையும் சேர்க்கும் கோட்டைச் சுற்றி 7 மீட்டர் ஆரத்துக்கு அலை விரியும், அந்த ஆரத்தில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். அதாவது கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தின் உச்சியிலிருந்து நாலரை மீட்டர் மேலே கோடு போக வேண்டும். கோடையில் பார்த்து மாட்டிவிட்டு, மழைக்குப் பிறகு மரம் தழைத்ததும் லிங்க் போய்விட்டது என்று புலம்பிய ஊர்கள் நிறைய. சாட்டிலைட்டை நம்பி உட்கார வேண்டாம். சாட்டிலைட் நெட் கொடுக்கும் ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025 ஜூனில் உரிமம் கொடுத்தார்கள், சரி, ஆனால் மாதம் 400 ரூபாய்க்கு வருகிற சமாச்சாரம் இல்லை அது.

வடக்குத்தெரு:

ஏன் ஆபரேட்டர் காலில் விழ வேண்டும்? இங்கிலாந்தில் லங்காஷயர் கிராமத்துக்காரர்கள் 2011இல் பி4ஆர்என் என்று சொந்தமாகவே ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்களே பங்கு வாங்கி, வாய்க்கால் வெட்டி, விவசாயிகள் வயல் வழியாகக் கேபிள் போக இலவசமாக இடம் விட்டு, மாதம் 30 பவுண்டுக்கு 1 ஜிகாபிட் கொடுத்தார்கள். நம்மாலும் முடியும்.

ஒயர்மேன்:

முடியும், ஆனால் அங்கே முழுநேரமாக அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு ஊரோடு நிற்காமல் ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 35 வீட்டை மட்டும் வைத்து அதைத் தொடங்கினால் முதல் மழையோடு சரி. ஊர்க்காரர்கள் இலவசமாக உழைப்பதைத் திறப்பு விழா வரைதான் நான் பார்த்திருக்கிறேன். வழி விடுவது மட்டும் நம்மூரிலும் நடக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பம் நட நாலு பேர் வரப்பு கொடுத்தால் ஆபரேட்டருக்குப் பாதிச் செலவு மிச்சம். மின்வாரியக் கம்பத்தில் கட்டுவதென்றால் அனுமதியும் வாடகையும் உண்டு, அனுமதி இல்லாமல் கட்டினால் ஒரு நாள் அறுத்துச் சுருட்டி வைத்துவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கேபிள் போடும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் ஊராட்சி ஆபீஸ் வரைதான் கணக்கு, கேபிளும் நேர்கோடாகப் போனது, நடுவில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர் எல்லாம் போச்சு. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் ஆன திருத்திய திட்டத்தில் (1,39,579 கோடி ரூபாய்) வளையமாகப் போடச் சொல்லி, பராமரிப்பையும் 10 வருடத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். அதோடு ஊராட்சித் தலைமையிடம் அல்லாத 3.8 லட்சம் கிராமங்களுக்குக் கேட்டால் கொடுப்பது என்று இருக்கிறது. கேட்டால்தான், அதனால் கேளுங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சி, அதற்குள் இருக்கும் உங்கள் 60 வீட்டைத் தானாக யாரும் தேடி வர மாட்டார்கள்.

கண்மாய்க்கரை:

நன்றி அண்ணா. கேபிள்காரர் நம்பர் வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த கிராம சபையில் தீர்மானமும் போட்டுவிடலாம் என்று வார்டு மெம்பர் சொல்கிறார். தீர்மானத்தில் என்ன எழுத வேண்டும்? வெறுமனே 'இணைய வசதி வேண்டும்' என்றால் போதுமா?

ஒயர்மேன்:

போதாது. குக்கிராமத்தின் பெயர், வீட்டு எண்ணிக்கை, ஊராட்சி ஆபீஸிலிருந்து தூரம், ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி எது எது இருக்கிறது, எத்தனை வீடு பணம் கட்டத் தயார், எல்லாம் வரட்டும். 35 பேர் கையெழுத்தோடு பட்டியலை இணையுங்கள். அதன் நகல் ஒன்றைக் கேபிள்காரரிடமும் கொடுங்கள், அவருக்கு முதல் போட தைரியம் வரும். ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்று முதலில் கேளுங்கள். ஸ்பீடு, பிளான் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.