தாம்பரமும் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்து வீடற்றோருக்கு ஒரே காப்பகம் நடத்தலாமா?

முடிச்சூர்வாசி: கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, தாம்பரம் ரயில் நிலைய வாசலில் படுத்துறங்கிய சிலரை நான் இப்போது அங்கே பார்க்கிறேன். முனையம் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் இருக்கிறது. வீடற்றோர் காப்பகத் திட்டமோ நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வந்தது. ஆக, ஜி.எஸ்.டி. சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே போய்விட்டால் அதே மனிதர் யார் கணக்கிலும் இல்லாதவராகிவிடுகிறார். தாம்பரமும் வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதிகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு பொதுக் காப்பகம் நடத்த வேண்டும் என்று நம் குடியிருப்போர் நலச்சங்கங்கள் சேர்ந்து மனுக் கொடுக்கலாம் என்பது என் யோசனை.

சங்கரி, சிட்லபாக்கம்: நோக்கம் நல்லதுதான் ஐயா, ஆனால் வழி தவறு. ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் இரவுபகலாகத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நகரங்களுக்குச் சொல்லிவிட்டது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில், 2011 கணக்குப்படியே ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். அப்படியானால் ஏழு காப்பகங்கள் நம் கடன். பொதுக் காப்பகம் என்று ஆரம்பித்தால் ஏழும் ஒன்றாகச் சுருங்கும். அந்த ஒன்றும் நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊராட்சியின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். சென்னையின் ஆற்றோரங்களில் இருந்தவர்களை நகரின் ஓரத்திலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோதும் 'மாற்று ஏற்பாடு' என்றுதான் சொன்னார்கள்.

சேகர், பெருங்களத்தூர்: ஒன்றோ ஏழோ, எந்தத் தெருவில் என்பதை இருவருமே சொல்லவில்லை. மனநிலை சரியில்லாதவர்களும் குடிப்பவர்களும் வந்து போகும் இடத்தைப் பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் வழியில் வைக்க எங்கள் சங்கம் சம்மதிக்காது. இதைக் கல்நெஞ்சம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்; தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தே நாங்கள் ஓய்ந்துபோயிருக்கிறோம்.

மீனாட்சி: நாங்கள் நான்கைந்து பேர் சனிக்கிழமை இரவுகளில் ரயில் நிலைய வாசலில் படுப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறோம். அங்கே பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா, தன் மூட்டையைப் பழஞ்சேலைக் கிழிசலால் மணிக்கட்டோடு முடிந்துகொண்டுதான் படுப்பார். வாழைநாரும் ஒரு தூக்குப்போசியும் கணவரின் இறப்புச் சான்றிதழும்தான் அதற்குள் இருப்பவை. அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்குப் பூ வாங்கப் போக வேண்டும், அங்கே கதவு ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார். சேகர் அண்ணா, நீங்கள் அஞ்சும் ஆட்களில் இவரும் ஒருவர். மனநிலை பாதித்தவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். 1993 முதல் சென்னையில் இயங்கும் பேன்யன் அமைப்பு, சிகிச்சை பெற்றுத் தேறியவர்களைச் சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடிவைத்திருக்கிறது.

முடிச்சூர்வாசி: சங்கரி அம்மா சொன்ன அபாயத்தை ஒப்புக்கொள்கிறேன், ஒரே கட்டடம் என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் எந்தக் காப்பகத்தில் இன்றிரவு இடம் காலியாக இருக்கிறது என்ற பதிவேடும், ஆளை அழைத்துவர ஒரு வண்டியும் எல்லை பார்க்காமல் பொதுவாக இருந்தாக வேண்டும். மாநகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கவனிக்கவென்றே பெருநகரத் திட்டக் குழுவை அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்.இ பிரிவு வைத்திருக்கிறது.

சங்கரி, சிட்லபாக்கம்: அது வளர்ச்சித் திட்டம் வரையும் குழு, இரவு பதினொரு மணிக்கு வண்டி அனுப்பாது. வண்டிக்கும் பதிவேட்டுக்கும் நான் கையெழுத்திடுகிறேன், ஏழு காப்பகங்கள் என்ற எண்ணிக்கை மனுவின் முதல் வரியில் இருந்தால். இணைப்புக்குப் பிறகு பயன்பாட்டில் இல்லாத பழைய நகராட்சி, பேரூராட்சிக் கட்டடங்கள் எவை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்கிறேன்.

சேகர், பெருங்களத்தூர்: பட்டியல் வரட்டும். எங்கள் வார்டுக் கட்டடம் அதில் இருந்தால், இரவுக் காவலாளிக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று எழுத்தில் தெரியாமல் சங்கக் கூட்டத்தில் நான் வாய் திறக்கமாட்டேன்.

மீனாட்சி: காவலாளி இருந்தால் நான்கு மணிக்குக் கதவைத் திறந்துவிடவும் ஆள் இருக்கும், அண்ணா. அந்த நேரத்தையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.