வீட்டில் வீணை, வயலின் பதிவு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தந்திமீட்டி:
கல்யாணி ஆலாபனையைப் பதிவு செய்து டீச்சருக்கு அனுப்பியிருந்தேன். ஹெட்போனில் கேட்டுவிட்டு போன் செய்தார். ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பின்னாடி யாரும்மா சாதாரண காந்தாரத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கா?" என்றார். சாதாரண காந்தாரம் 'க' ஸ்வரத்தின் தாழ்ந்த வகை, கல்யாணியில் வருவது அதற்கு மேலே உள்ள அந்தர காந்தாரம்.

அப்போது வீட்டில் வேறு யாருமில்லை, தம்பூரா ஆப்கூட ஓடவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். வாசிப்புக்கு அடியில் மெல்லிய ரீங்காரம். நம் வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் அது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் அதே ஸ்வரம்தான். என் வீணை மூன்று கட்டை. அங்கிருந்து எண்ணினால் சாதாரண காந்தாரத்தை ஒட்டியே விழும். நான் அந்தர காந்தாரத்தில் நின்ற இடமெல்லாம் அது உரசியிருக்கிறது! லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன், ரீங்காரம் போயே போச்சு.

எந்த மைக், எந்த இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) என்று கடையில் மணிக்கணக்காகப் பேசினார்கள். கரண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சரின் அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

வில்லும்நாணும்:
எனக்கு வேறு மாதிரி. சவுண்ட் தெரிந்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, வயலினின் எஃப் துளைக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் கண்டென்சர் மைக்கை (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) வைத்தார். மேல் ஷட்ஜத்தில் வில்லைத் திருப்பும்போதெல்லாம் தகரத்தை நகத்தால் கீறியது போல இருந்தது. அண்ணி சமையலறைக்குப் போக வழி இல்லை என்று ஸ்டாண்டைத் தூக்கி என் தலைக்கு மேலே, முன்பக்கமாகத் தள்ளி வைத்தார். அதே மைக், அதே வில். ஆனால் அப்போதுதான் என் வயலின் வயலினாகக் கேட்டது.

நாம் தரையில் உட்கார்ந்து, சுருளைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பவர்கள். வீடியோக்களில் காட்டும் இடமெல்லாம் நின்று வாசிப்பவர்களுக்கானது. அவர்கள் சொல்லும் உயரம் நமக்குப் பொருந்தாது.

பலாமரம்:
கண்டென்சரே வேண்டாம் என்பேன். தெருச்சத்தம், குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் உள்ளே வரும். நான் வீணைக் குடத்தில் ஒட்டும் பிக்அப் (அதிர்வை நேரே எடுக்கும் சிறு கருவி) போட்டேன், ஃபேன் ஓடும்போதே பதிவு செய்தேன், ஃபேன் சத்தம் வரவே இல்லை. ஆனால் அம்மா கேட்டுவிட்டு, "கீபோர்டுல வீணை டோன் வச்சு வாசிச்சியா?" என்றார். அதன் பிறகு பிக்அப்பைத் தொட மனசு வரவில்லை. இப்போது பாட்டுக்கு வைக்கும் டைனமிக் மைக்தான், அது கிட்டத்துச் சத்தத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். எல்லாருக்கும் அதுவே போதும்.

சுருதிப்பெட்டி:
பலாமரம் சார், "எல்லாருக்கும் போதும்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. வீணை சத்தம் குறைந்த வாத்தியம். டைனமிக் மைக்கை ஒன்றரை அடி தள்ளி வைத்தால் கெயினை (மைக் ஒலியைக் கூட்டும் திருகை) ஏறக்குறைய கடைசிவரை திருக வேண்டியிருக்கும், அங்கே இன்டர்ஃபேஸின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். கிட்டே கொண்டுபோனால் மீட்டும் நகத்தின் டக் டக்தான் முன்னால் நிற்கும், கமகம் பின்னால் போய்விடும்.

கண்டென்சர் வாங்குபவர்கள் மைக்கின் சொந்த இரைச்சல் அளவை முதலில் பாருங்கள். ரோட் என்டி1-ஏ 5 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். மலிவான மைக்குகளில் 20 வரை வரும். உரத்துப் பாடுபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வீணையில் தந்தி அடங்கி ஓயும் இடத்தில் நன்றாகவே தெரியும். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், அந்த முதுகை ஜன்னலுக்குக் காட்டுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை, தாளத் தந்தி திடீரென்று ஓங்கி விழுந்தாலும் தாங்கும். டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரியுங்கள். துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்தாலும் எதிரொலி குறையும். பிக்அப்பையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் செருகாமல் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் செருகினால் அந்த மெலிந்த ஒலி ஓரளவு தேறும்.

தந்திமீட்டி, ரீங்காரத்துக்காக மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள்.

என் கதை சின்னது. மே மாதம் ஃபேனை அணைத்துவிட்டு வர்ணம் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் முக்கியமாக வாசிக்கும் சாரணித் தந்தி சூட்டில் சுருதி இறங்கி, கடைசிச் சரணம் முழுக்க அபஸ்வரம்.

வில்லும்நாணும்:
சுருதிப்பெட்டி, இங்கே மைக் வாங்க யாரும் யோசனை கேட்கவில்லையே! பீரோ விஷயம் மட்டும் உண்மை, நானும் செய்கிறேன்.

தந்திமீட்டி:
ஒரே பாக்ஸில் செருகிப் பார்த்தேன், சார்ஜர் இருந்தும் ரீங்காரம் பாதிதான். ஆனால் நேற்று கரண்ட் போய் இன்வர்ட்டர் வந்ததும் வேறு ஒரு கரகரப்பு வந்தது. எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர், கரண்ட் அலையைச் சதுரமாகத் தருவது. வீட்டு கரண்ட் போல வளைந்த அலை தரும் சைன் வேவுக்கு மாற்றியவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கரகரப்பு நின்றதா என்று சொல்லுங்கள்.