தொழுவத்துக்குக் கீழே குடிநீர்க் கிணறு: மண்ணில் கிரிப்டோஸ்போரிடியம் (கழிச்சல் உண்டாக்கும் நுண் ஒட்டுண்ணி) இருக்கா என்று பார்ப்பது எப்படி?

மேல்விளை:
திருவட்டார் பக்கம், ரப்பர் விளைச் சரிவு. செம்மண், அடியில் வெட்டுக்கல். தொழுவத்துக்குக் கீழே கிணறு. இளங்கன்றுகளுக்குத் தண்ணீராகக் கழிச்சல். பிளீச்சிங் பவுடர் போட்டபின் எடுத்த சோதனையில் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) வரவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜும் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) மைக்ராஸ்கோப்பும் உண்டு. எந்த மண்ணை எடுக்கணும், என்ன செய்யணும்?

வள்ளியாறு:
அண்ணாச்சி, கோலிஃபார்ம் இல்லாததை நம்பிக் கிரிப்டோவைத் தள்ளிவிடாதீங்க. பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் அளவு ஊசிஸ்டின் (கிரிப்டோவின் முட்டை போன்ற நிலை) கெட்டி ஓட்டை ஒன்றும் செய்யாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றதும் குளோரின் கலந்த குழாய்நீரால்தான். முடிவு வரும்வரை தளதளவென்று 1 நிமிடம் கொதித்த நீரையே குடியுங்க.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பெய்து ஓய்ந்த மறுநாள், தொழுவத்திலிருந்து நீர் ஓடிவந்த தடத்தில் 5 இடங்களில் மேல் 5 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்துக் கலந்து, 100 கிராம் ஐஸ்பெட்டியில் வையுங்க. உரச் சோதனைக்குப் போல வெயிலில் காயவைக்கக் கூடாது. காய்ந்தால் ஊசிஸ்ட் சிதையும். ஃப்ரீசரும் வேண்டாம்.

சென்ட்ரிஃபியூஜ்காரர்:
10 கிராம் மண்ணோடு, 0.1% ட்வீன் 80 (சோப்பு போன்ற பொருள்) கலந்த பாஸ்பேட் பஃபர் (அமில-கார நிலை மாறாத கரைசல்) 40 மி.லி. சேர்த்து 30 நிமிடம் குலுக்குங்க. நம்ம செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். எதிர்மின்னூட்டமுள்ள ஊசிஸ்டை அது பிடித்துக்கொள்ளும். அதனால் பஃபரில் சோடியம் பைரோபாஸ்பேட்டும் சேர்ப்பது நல்லது. நுண் சல்லடையில் வடித்து, 1500 ஜி-யில் (புவியீர்ப்பின் 1500 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றுங்க. ரோட்டர் ஆரம் 15 செ.மீ. என்றால் அது ஏறக்குறைய 3000 ஆர்.பி.எம்.

அடிமண்டியை 10 மி.லி. நீரில் கலக்கி, அதன் அடியில் பிப்பெட்டால் 10 மி.லி. சர்க்கரைக் கரைசல் விடுங்க (45 கிராம் சர்க்கரை, 55 மி.லி. நீர், அடர்த்தி 1.2). 1000 ஜி, 15 நிமிடம், பிரேக் போடாமல். ஊசிஸ்ட் இரண்டும் சந்திக்கும் கோட்டில் நிற்கும். அதை உறிஞ்சி 5 மடங்கு நீர் சேர்த்து மறுபடி சுழற்றணும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: சர்க்கரை நீர்க்காவிட்டால் ஊசிஸ்ட் கீழே இறங்காது, மேல்நீரோடு கொட்டிப்போகும்.

ஆசிட்-ஃபாஸ்ட் சாயத்தில் இளஞ்சிவப்பாய், 4–6 மைக்ரான் உருண்டையாய்த் தெரியும். ஈஸ்ட் ஏமாற்றும், கண்வில்லை அளவுகோலால் அளந்தே எண்ணுங்க. ஒளிரும் ஆன்டிபாடி கிடைத்தால் அதுவே மேல்.

பேச்சிப்பாறை:
அதே மண்ணில் இன்னொரு 10 கிராமில் 1000 ஊசிஸ்ட் வேண்டுமென்றே போட்டு ஓட்டாமல் எந்த முடிவையும் ஏற்காதீங்க. 200 திரும்பினால் மீட்பு 20%. அப்போது உங்க மாதிரியில் 1 தெரிந்தாலே கிராமுக்கு 0.5 என்று கணக்கு. ஒன்றும் தெரியாததால் மண் சுத்தம் என்று ஆகாது. பி.சி.ஆர். (டி.என்.ஏ.-வைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்தால் மண்ணின் மக்கிலுள்ள ஹியூமிக் அமிலம் தடுக்கும், டி.என்.ஏ.-வை 10 மடங்கு நீர்த்தும் ஒருமுறை ஓட்டுங்க.

மேல்விளை:
நேர்மறை வந்தால்?

வள்ளியாறு:
வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1–3 வாரக் கன்றுகள்தான் அதிகம் கழிக்கும். அவற்றைக் கிணற்றுச் சரிவின் மறுபக்கம் மாற்றுங்க. தொழுவ நீரைக் குறுக்குச்சாலில் திருப்பி, கிணற்றைச் சுற்றி வெளிச்சரிவான கான்கிரீட் தளம் போடுங்க. யு.வி. (புற ஊதா ஒளி) கருவி கிரிப்டோவைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் கலங்கல் நீரில் ஒளி புகாது. முன்னால் 1 மைக்ரான் ஃபில்டர் மாட்டணும்.