ஆஸ்பத்திரிச் சபைகளுக்கு ஆட்களை நியமிப்பது யார்?

கோண்டாவில் வாசி:
வணக்கம். எங்கள் ஊர் முதியோர் சங்கத்தில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் இருக்கிறார். நேர்மையானவர், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். யாழ் போதனா வைத்தியசாலையின் நிர்வாக சபைக்கு அவருடைய பெயரைக் கொடுக்க விரும்புகிறோம். எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கினால் காணும் என்கிறார்கள் சிலர். லண்டனில் இருக்கிற சொந்தக்காரரோ, அங்கே விளம்பரம் போட்டு நேர்முகம் வைத்துத்தான் எடுப்பார்கள் என்கிறார். இங்கே நடைமுறை என்ன? யாருக்கு எழுத வேண்டும்?

பழைய கிளாக்கர்:
முதலில் ஒன்று. பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது யாழ் போதனா வைத்தியசாலைக்கு, அப்படியொரு நிர்வாக சபை இல்லை. அது மத்திய சுகாதார அமைச்சின் கீழ் நேரடியாக இயங்குகிறது. பணிப்பாளர் அரச சேவையிலுள்ள வைத்திய நிர்வாகி. தனிச் சட்டத்தின் கீழ் சபை வைத்து நடத்தப்படும் அரச வைத்தியசாலைக்கு உதாரணம் ஸ்ரீ ஜயவர்தனபுர. அதற்கு 1983 இன் 54 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்துக்குரியவை, ஆனால் அங்கேயும் சபை கிடையாது. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பிறகு மாகாண சுகாதார அமைச்சர் என்று ஒருவர் இல்லை. மாகாண விஷயம் என்றால் மாகாண சுகாதார அமைச்சின் செயலாளருக்கு எழுதி, ஆளுநருக்குப் பிரதி போடுங்கள்.

1952 இன் 12 ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டத்தைக் காட்டி, “பிராந்திய வைத்தியசாலைச் சபை என்று இருக்கிறதே” என்று யாராவது சொல்லக்கூடும். சட்டத்தில் இருக்கிறது, உண்மை. அதை வைத்துக்கொண்டு அப்படியொரு சபை இன்று கூடுகிறது என்று நம்பி விண்ணப்பம் எழுதாதீர்கள்.

உங்கள் கணக்காளருக்கு எட்டக்கூடிய இடங்கள் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவும் நோயாளர் நலன்புரிச் சங்கமும்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம். அபிவிருத்திக் குழு வைத்தியசாலைத் தலைவரைச் சுற்றி அமைவது. வெளியார் அழைக்கப்பட்டுத்தான் வருவார்கள். நலன்புரிச் சங்கத்துக்குச் சொந்த யாப்பு இருக்கும். அங்கத்தவராகி, சந்தா கட்டி, பொதுக்கூட்டத்தில் தெரிவாக வேண்டும். பொதுக்கூட்டம் காலத்துக்கு நடக்காவிட்டால் பழைய பொருளாளரின் கையொப்பமே வங்கியில் நிற்கும், புதியவர் ஒரு காசோலைகூட எழுத முடியாது. சங்கங்கள் முடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சட்டம் படிப்பவன்:
மேலே அண்ணை சொன்னது சரி. தேசிய மட்டத்தில் சபைகள் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வழி இல்லை. அந்தந்தச் சட்டத்தில் சபை எப்படி அமையும் என்ற பிரிவைப் பாருங்கள். அதிலே மூன்று வாசல் இருக்கும்.

பதவி வழியாக வருவது ஒன்று. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்யும் ஒழுங்குபடுத்தும் பேரவை (2006 இன் 21 ஆம் இலக்கச் சட்டம்) இதற்கு நல்ல உதாரணம்: சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் தலைவர், மாகாணப் பணிப்பாளர்கள் உறுப்பினர்கள். வடக்கின் பணிப்பாளர் அங்கே இருப்பது கதிரையால்; ஆள் மாறினால் இடமும் மாறும்.

அடுத்தது தெரிவு. இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியர்கள் வாக்களித்துச் சிலரை அனுப்புகிறார்கள், மருத்துவ பீடங்களும் தம் பிரதிநிதிகளைத் தெரிவு செய்கின்றன. யாழ் மருத்துவ பீடத்துக்கும் அந்த இடம் உண்டு. கூடவே அமைச்சர் நியமிப்பவர்களும் இருப்பார்கள்.

மூன்றாவது, அமைச்சரின் நியமனம். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் போன்றவை 1957 இன் 49 ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் சட்டத்தின் கீழ் வருபவை. பணிப்பாளர்களை அமைச்சர் நியமிப்பார். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் (2015 இன் 5) விசேட வைத்தியர்களின் கல்லூரிகள் (அவர்களின் தொழில்சார் சங்கங்கள்) பெயர் கொடுக்க, அமைச்சர் நியமிக்கிறார். கல்லூரி பெயர் கொடுக்கப் பிந்தினால் கதிரை காலியாகவே கிடக்கும்.

எம்.பி. கடிதம் பற்றிக் கேட்டீர்கள். அது வெறும் சிபாரிசு. எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை. அரசியல் பதவியிலிருப்போரைத் தகுதியற்றவர் என்று விலக்கும் சட்டங்களும் உண்டு. ஆகவே பிரதேச சபை உறுப்பினர் எவரையும் முன்மொழிய முன்னர் தகுதியீனப் பிரிவை வாசியுங்கள்.

நியமனம் கிடைத்தால் சொத்து விபரமும் கொடுக்க வேண்டும் (2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம்). இடையில் வெற்றிடமாகும் கதிரைக்கு வருபவருக்கு வழமையாக மிச்சக் காலம்தான், முழுத் தவணை என்று எண்ண வேண்டாம். நியமிப்பவருக்கு நீக்கும் அதிகாரமும் உண்டு என்பது சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்லும் பொருள்கோடற் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி. தனிச் சட்டம் அதை மட்டுப்படுத்தாவிட்டால் ஆட்சி மாறும்போது சபைகளும் மாறுவது இதனால்தான். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மூன்று வருடத்துக்கு மருந்துக் கொள்முதலைத் திட்டமிட்ட சபை ஆறு மாதத்தில் கலைந்தால், அது கோரிய கேள்விப்பத்திரங்களுக்கு (ரெண்டர்) பொறுப்புச் சொல்ல யார் இருப்பார்கள்?

குறொய்டன் தமிழன்:
லண்டன் உறவினர் சொல்வது சரிதான், ஆனால் பாதி. இங்கிலாந்தில் ‘பவுண்டேசன் ட்ரஸ்ட்’ எனப்படும், ஓரளவு சுயமாக இயங்கும் அரச வைத்தியசாலைகளில் அங்கத்தவராகச் சேரும் பொதுமக்களும் ஊழியர்களும் வைத்தியசாலைக்கான ஆளுநர்களை (மாகாண ஆளுநர் போன்றவர்களல்ல) தெரிவு செய்வார்கள். அந்த ஆளுநர் சபைதான் தலைவரையும் நிறைவேற்று அதிகாரமில்லாத பணிப்பாளர்களையும் நியமிக்கும். அவர்களை நீக்க ஆளுநர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். விளம்பரமும் நேர்முகமும் அந்த நியமனத்துக்கு முந்திய படிகள். ஸ்கொட்லாந்தில் வேறு: 14 பிராந்தியச் சபைகளின் உறுப்பினர்களை அமைச்சர்கள் நியமிக்கிறார்கள், ஆனால் நியமன முறையைக் கண்காணிக்கத் தனி ஆணையாளர் இருக்கிறார்.

கோண்டாவில் வாசி:
மிக்க நன்றி. அபிவிருத்திக் குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று எப்படி அறிவது? நேரில் கேட்டால் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது.

பழைய கிளாக்கர்:
2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். போதனா வைத்தியசாலைக்கு என்றால் அங்குள்ள தகவல் உத்தியோகத்தருக்குக் கடிதம், தமிழிலேயே. காரணம் சொல்லத் தேவையில்லை. “குழு பற்றிய விபரம்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உறுப்பினர் பட்டியல், ஒவ்வொருவரும் நியமிக்கப்பட்ட திகதி, நியமித்தவரின் பதவி, குழுவை அமைத்த சுற்றறிக்கையின் இலக்கம், கடைசி மூன்று கூட்ட அறிக்கைகள் என்று பிரித்துக் கேளுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள், நாள் எண்ணுவது அதிலிருந்துதான். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாளுக்குள் வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் உரிமை ஆணைக்குழு.

சுற்றறிக்கை கைக்கு வந்ததும் வெளியார் எத்தனை பேருக்கு இடம் என்று அதில் பாருங்கள். வெற்றிடம் இருந்தால் சங்கத்தின் கூட்டத் தீர்மானப் பிரதியையும் கணக்காளரின் தகைமை விபரத்தையும் இணைத்துப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.